‘பாபி யார்’ நூலில் நீக்கப்பட்ட பாடம்

ஒரு நூலைத் திறனாயப் புகுவார் முதற்கண் அதன் பாடத்தை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது நம் துறையில் மாணவர்க்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் நெறி. ஏடு பெயர்த்தெழுதினோர் கைப்பிழை, பொருள் விளங்காமையால் திருத்தினோர் பிழை, தம் கொள்கைக்கு ஒவ்வாமை கருதி வேண்டுமென்றே நீக்கினோர் பிழை என இவற்றை வேறுபிரித்து அறிதலே பாட ஆராய்ச்சியின் தொடக்கம். இறுதியிற் கூறப்பட்ட வகையினைப் பழஞ்சுவடிகளில் நாம் ஐயுற்றுச் சுட்டுகிறோமேயன்றித் துணிந்து நாட்டுதல் அரிது. நீக்கியவர் யாவர், நீக்கிய காலம் யாது, நீக்கியது எதன்பொருட்டு என்பன பெரும்பாலும் அறியப்படுவதில்லை. இம்மூன்று வினாக்களுக்கும் உரிய விடையைத் தன் பக்கங்களிலேயே அச்செழுத்தின் வேற்றுமையாற் காட்டி நிற்கும் நூல் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றியுள்ளது. அனத்தோலி குஸ்னெத்சோவ் என்பார் உருசிய மொழியில் இயற்றிய ‘பாபி யார்’ என்பதே அது. இரண்டாம் உலகப் போரில் யூதர்மீது நிகழ்த்தப்பட்ட இனப்படுகொலையை மறுப்பாரும் மறைப்பாரும் கையாளும் முறைகளை விளங்கிக்கொள்ளுதற்கு இந்நூலினும் சிறந்த பயிற்சிக்களம் இலக்கிய மாணவர்க்கு வேறில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. டேவிட் ஃபிளாய்டு 1970-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே ஈண்டு ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.

நூற்பெயர் தமிழ்ச் செவிக்கு வினாவைப் போன்று ஒலிக்கும். ‘யார்’ என்பது செங்குத்தான கரைகளையுடைய பள்ளத்தைக் குறிக்கும் சொல். ‘பாபி’ என்பது கிழவியைக் குறிக்கும் சொல்லினின்று வந்த அடை. கிழவிப்பள்ளம் எனப் பெயர்க்கலாம். உக்ரைனியர் ‘பாபின் யார்’ என வழங்குவர். இவ்வொலியொப்புமை தற்செயலானது, ஆயினும் அதனைக் கூறி நகைத்துவிட்டு அப்பாற் செல்லுதற்கில்லை. அப்பள்ளத்திற் கிடப்போர் யார் என்னும் வினாவிற்குப் பொதுவிடத்தில் விடை எழுதப்பெறாமலே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறுவாம். 1941 செப்டம்பர் 19-இல் ஜெர்மானியப் படை கீவ் நகரைக் கைப்பற்றியது. செப்டம்பர் 24 முதல் நகரின் தலைமைத் தெருவாகிய கிரெஷாத்திக்கில் வெடிகள் வெடித்துக் கட்டடங்கள் பல அழிந்தன. பின்வாங்கிய சோவியத் தரப்பினர் புதைத்து வைத்துச் சென்ற வெடிகள் அவை. இதனைக் காரணங்காட்டி, செப்டம்பர் 28-இல் நகரெங்கும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கீவ் நகரத்தும் சுற்றுப்புறத்தும் உள்ள யூதர் அனைவரும் மறுநாட் காலை எட்டு மணிக்குக் கல்லறைக்கு அருகில் குறித்த இடத்திற்கு வந்து சேர்தல் வேண்டும். சான்றிதழ், பணம், விலையுயர்ந்த பொருள், கதகதப்பான ஆடை முதலியவற்றை உடன் கொணர்தல் வேண்டும். வாராதார் சுடப்படுவர் என்பது அதன் பொருள். வேற்றூருக்குக் குடிபெயர்க்கப்படுவதாக எண்ணியே மக்கள் வந்தனர். செப்டம்பர் 29, 30 ஆகிய இருநாளிலும் அவர்கள் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். கொன்றவர்களே தம் தலைமையிடத்திற்கு அனுப்பிய அறிக்கை, 33,771 யூதர் என எண்ணிக் கூறுகிறது. அவ்வறிக்கையின் நாள் 1941 அக்டோபர் 2. இதன் பின்னரும் 1943 வரை அப்பள்ளம் கொலைக்களமாகவே இருந்தது. யூதரேயன்றி ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள், மனநோய் மருத்துவமனையிலிருந்த நோயாளர், உக்ரைனிய நாட்டுணர்வாளர் எனப் பிறரும் அங்கே கொல்லப்பட்டனர். இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

கொன்றோர் செய்த நீக்கம்

மறுப்பு என்பது போர் முடிந்து பல ஆண்டு கழித்துச் சில நூலாசிரியர் எழுப்பிய கொள்கை என எண்ணுவாருமுளர். அது பொருந்தாது. கொலையைச் செய்தவரே அதனை முதலில் மறைத்தனர். பாபி யாரில் கொலை நடத்திய படைப்பிரிவின் தலைவன் பால் புளோபெல். சோவியத் படை நெருங்கி வந்த 1943-ஆம் ஆண்டில், கீழ்த்திசை நாடுகளெங்கும் புதைக்கப்பட்ட பிணங்களை அகழ்ந்து எரித்து அடையாளமின்றிச் செய்யும் பணி அவனிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாபி யாரில் அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அருகிலிருந்த சிரெத்சு முகாமினின்று 300-க்கு மேற்பட்ட கைதிகள் காலில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டு இவ்வேலையிற் பணிக்கப்பட்டனர். எரியடுப்புகளுக்கு அடித்தளமாக யூதர் கல்லறையிலிருந்து பெயர்த்த கற்கள் பயன்படுத்தப்பட்டன. மாந்தர் நினைவிற்கென நட்ட கல் நினைவழிப்புக்குக் கருவியாயிற்று என்பதனை நடுகல் மரபறிந்த நம் மாணவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. வேலை முடிந்தால் தாமும் கொல்லப்படுவர் என்பதை உணர்ந்த கைதிகள் செப்டம்பர் 29 விடியற்கு முன் தப்பியோட முயன்றனர். முதற் கொலை நிகழ்ந்து சரியாக ஈராண்டு நிறைந்த நாள் அது. மிகச் சிலரே பிழைத்தனர். அச்சிலருடைய சான்றுகளால் எரிப்பு வெளிப்பட்டது. புளோபெல் நியூரம்பெர்க்கில் வழக்காடப்பெற்று 1951-இல் தூக்கிலிடப்பட்டான்.

மெய்ந்நூலை எரித்துவிட்டு ‘அப்படி ஒரு நூல் இருந்ததென்பதற்குச் சுவடி எங்கே’ என வினவுதல் போன்றது பிற்கால மறுப்பாளர் வினா. பிணங்கள் எங்கே என அவர்கள் கேட்கின்றனர். அவ்வினாவைக் கேட்டற்குரிய நிலைமையை உண்டாக்கியவர் கொலைஞரே என்பதனை அவர்கள் கூறுவதில்லை.

ஆட்சி செய்த நீக்கம்

இரண்டாவது நீக்கம் கொலைஞரின் பகைவர் கையால் நிகழ்ந்தது. இதுவே ஆராய்ச்சிக்கு அரிய பகுதி. கீவ் நகரை மீட்ட சோவியத் அரசு, நாசிகளின் கொடுமைகளைத் தொகுக்கச் சிறப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. அவ்வாணையத்தின் வரைவு அறிக்கையில் யூத மக்கள் பாபி யாருக்குத் திரட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டமை வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தது. 1944-இல் அச்சேறி வெளிவந்த அறிக்கையிலோ, ‘யூதர்’ என்னும் சொல் நின்ற இடத்தில் ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ என்னும் தொடர் நிற்கக் காண்கிறோம். இவ்விரு பாடங்களும் இன்று ஆராய்ச்சியாளர்க்குக் கிடைப்பனவாயின. ஒரு சொல்லை நீக்கி மற்றொரு தொடரைப் பெய்தவர் பொய்யொன்றும் கூறிவிடவில்லை. கொல்லப்பட்ட யூதர் சோவியத் குடிமக்களே, அமைதியான மக்களே. ஆயின் அவர்கள் கொல்லப்பட்டது சோவியத் குடிமக்களாயிருந்தமையால் அன்று. அறிவிப்புப் படித்து அன்று வீட்டிலேயே தங்கிய உருசியரும் உக்ரைனியரும் அவர்களைப் போன்றே சோவியத் குடிமக்களல்லரோ? காரணத்தைச் சுட்டும் சொல் எதுவோ அதுவே திருத்தப்பட்டது.

இலியா எரென்பர்க், வசீலி கிராஸ்மன் ஆகிய இருவரும் பதிப்பாசிரியராயிருந்து தொகுத்த ‘கருப்பு நூல்’ என்னும் சான்றுத்தொகையின் வரலாறும் இதனோடு ஒட்டியது. சோவியத் நாட்டு யூதர் பெற்ற துன்பங்களைப் பிழைத்தோர் வாய்மொழியாகவும் கடிதங்கள் வாயிலாகவும் திரட்டிய அந்நூலில் கீவ் பற்றிய பகுதியை லேவ் ஓசெரோவ் என்னும் கவிஞர் எழுதினார். அச்சுக் கோக்கப்பட்ட பின்னர் நூல் தடுத்து நிறுத்தப்பட்டு, 1948-இல் கோத்த எழுத்துகளும் கலைக்கப்பட்டன. அதனைத் தொகுக்கத் துணைநின்ற யூதப் பாசிச எதிர்ப்புக் குழுவும் அவ்வாண்டே கலைக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 12-இல் அக்குழுவைச் சார்ந்தவருட்பட 13 பேர் கொல்லப்பட்டனர். இத்திஷ் மொழிக் கவிஞர்களும் புனைகதையாசிரியரும் அவருள் இருந்தனர். உருசிய மொழியில் அந்நூல் முதன்முதல் வெளிவந்தது 1980-இல், எருசலேமில்.

பள்ளம்தானும் விட்டுவைக்கப்படவில்லை. அருகிலிருந்த செங்கற் சூளைகளின் சேற்றுக்கழிவை நீரோடு கலந்து அதனுட் பாய்ச்சி மேடாக்கும் வேலை 1950-களில் நடந்தது. 1961 மார்ச்சு 13-இல் அணை உடைந்து, சேறு கீழேயுள்ள குரெனிவ்கா என்னும் பகுதியை மூடிற்று. இறந்தோர் 145 என அரசு கணக்கிட்டது. உண்மைத் தொகை மிகப் பெரிது எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். அவ்விறப்புகளைப் பற்றியும் செய்தித்தாள்களில் வாய்திறந்து பேச இடமில்லாதிருந்தது.

இந்நிலையில் எழுத்தாளர் சிலர் பேசத் தொடங்கினர். பாபி யாரில் நினைவுச்சின்னம் எழுப்பாமை ஏன் என வினவி விக்தர் நெக்ராசோவ் 1959-இல் எழுதினார். 1961 செப்டம்பர் 19-இல் எவ்கேனி எவ்துஷென்கோவின் கவிதை ‘இலக்கியச் செய்தித்தாள்’ என்னும் இதழில் வெளிவந்தது. அக்கவிதையை இலக்கிய நயத்தால் உயர்ந்ததென யாம் கருதவில்லை. மேடையில் உரக்கப் படித்தற்கென எழுதப்பட்ட பாங்கு அதில் தெரிகிறது. கவிஞர் பற்பல காலத்து யூதராகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு செல்லும் அடுக்கு ஓரளவிற்குமேல் சலிப்பூட்டும். எனினும் சின்னமின்மையைச் சுட்டித் தொடங்கும் அக்கவிதை, தானே அச்சின்னமாக அமைந்தமையை மறுத்தற்கில்லை. வெளியிட்ட இதழாசிரியர் பதவியிழந்தார்.

திமித்ரி ஷஸ்தகோவிச் இக்கவிதையைத் தம் 13-ஆம் சிம்பனியின் முதற்பகுதியாக்கினார். 1962 டிசம்பர் 18-இல் மாஸ்கோவில் அது முதன்முறை இசைக்கப்பட்டது. அதன்பின் அதிகாரத்தின் நெருக்குதலால் கவிஞர் சில அடிகளை மாற்றினார். தம்மை யூதராகக் கற்பித்த அடிகள் போயின. அம்மண்ணில் உருசியரும் உக்ரைனியரும் யூதரோடு கிடக்கின்றனர் என்னும் பொருளமைந்த அடிகள் வந்தன. மேலே பின்னர் எடுத்துக்கொள்வோம் என்று விட்ட செய்தி இதுதான். புதிய அடிகள் கூறுவது உண்மையே. பிறரும் அங்கே கொல்லப்பட்டனர். அவர்க்கும் நினைவு உரியது. ஆனால் ஓர் உண்மையை வைத்தல் எவ்விடத்தில், எதனை எடுத்துவிட்டு என்பதனை நோக்காது அதனைப் பாராட்டுதல் கூடாது. முன்னிருந்த அடிகளை நீக்காமல் இவ்வடிகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் கவிதை விரிந்திருக்கும். நீக்கிச் சேர்த்தமையால் ஓர் உண்மை மற்றோர் உண்மையை மூடும் துணியாயிற்று. பாட ஆராய்ச்சியில் செருகலைத் தனியே நோக்காது அதனோடு வந்த விடுபாட்டையும் சேர்த்து நோக்குக என நாம் வற்புறுத்துவது இதன்பொருட்டே.

குஸ்னெத்சோவின் மூன்று எழுத்துகள்

குஸ்னெத்சோவ் 1929-இல் கீவில் பிறந்தவர். தந்தை உருசியர், தாய் உக்ரைனியர். பள்ளத்திற்கு அண்மையில் குரெனிவ்காவில் வளர்ந்தார். துப்பாக்கி ஒலியைத் தம் வீட்டிலிருந்தே கேட்டபொழுது அவர்க்கு வயது 12. பதினான்காம் வயதிலேயே தாம் கண்டன, கேட்டனவற்றைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். அவற்றோடு அறிவிப்புகள், செய்தித்தாட் பகுதிகள், பிறர் சான்றுகள் ஆகியவற்றை இணைத்து ஆக்கிய நூலுக்கு ஆவண நாவல் எனப் பெயரிட்டார். இதன்கண் உள்ளன யாவும் உண்மை என்னும் உறுதிமொழியோடு நூல் தொடங்குகிறது.

அது 1966-இல் ‘யூனஸ்த்’ என்னும் இதழில் தொடராக வெளிவந்தது. தணிக்கையாளர் பல பகுதிகளை வெட்டிய பின்னரே வெளிவந்தது. ஆகவே, உண்மை தவிர வேறில்லை என்னும் உறுதிமொழி, சிதைக்கப்பட்ட பாடத்தின் தலைப்பில் அச்சாயிற்று. உறுதி கூறியவர் பொய்யர் அல்லர். அவர் கூறிய உறுதியோ அவ்விதழில் பொய்யாயிற்று. இம்முரண் அவரை வருத்தியது. 1969-இல் இலண்டன் சென்றவர் திரும்பவில்லை. நூலின் முழுப்பாடத்தைப் படச்சுருளில் எடுத்துத் தம் மேலாடையினுள் வைத்துத் தைத்துக் கொணர்ந்திருந்தார். 1970-இல் முழுநூல் வெளிவந்தது.

ஆங்கிலப் பதிப்பில் அவர் கையாண்ட முறை இது: 1966-இல் வெளிவந்த பகுதி சாதாரண எழுத்தில், தணிக்கையாளர் நீக்கிய பகுதி தடித்த எழுத்தில், 1967-க்கும் 1969-க்கும் இடையே தாம் புதிதாகச் சேர்த்த பகுதி பகர அடைப்புக்குள். தம் நூலுக்குத் தாமே ஆய்வுப்பதிப்பு செய்த ஆசிரியர் என்று இவரைச் சொல்லலாம். வெட்டியதனை மீண்டும் இணைத்துத் தழும்பு தெரியாமல் ஒரே எழுத்தில் அச்சிட்டிருத்தல் எளிது. நாவலாகப் படித்தற்கும் இனிது. அவர் அவ்வாறு செய்யாமைக்குக் காரணம் உண்டு. நீக்கமும் நிகழ்ச்சியின் பகுதியே என அவர் கண்டார். எரிக்கப்பட்ட பிணங்களைப் பற்றிய நூல், தன்னிடத்து எரிக்கப்பட்ட பக்கங்களை மறைத்துக்கொள்ளுதல் முறையன்று.

தடித்த எழுத்துப் பகுதிகளை மட்டும் தொடர்ந்து படித்துப் பார்த்தல் பயனுடைய முயற்சி. தணிக்கையாளர் யூதர் கொலையை முற்றிலும் வெட்டிவிட்டார் என நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறன்று. கொலை பற்றிய பகுதி, கொலையினின்று தப்பிய பெண்ணின் சான்று ஆகியவை 1966-இலேயே வெளிவந்துள்ளன. வெட்டுண்டவற்றுட் பல, திரும்பி வந்த ஆட்சியின் குற்றங்களைச் சுட்டுவன. ஹிட்லர் ஆட்சியையும் ஸ்தாலின் ஆட்சியையும் ஒருங்குவைத்து நோக்குவன. மக்கள் இரண்டிற்கும் இடையில் நசுங்கியமையைக் கூறுவன. அஃதாவது, கொடுமையை அயலான் செய்ததாகமட்டும் சொல்லலாம். அக்கொடுமை நம்மவர் நெஞ்சிலும் வேர்கொள்ளத்தக்கது எனச் சொல்லலாகாது என்பது தணிக்கையின் இலக்கணம். சாதாரண எழுத்தைமட்டும் படிப்பார்க்கு இது பாசிசத்தின் கொடுமை பற்றிய நூல். மூன்றனையும் சேர்த்துப் படிப்பார்க்கு மாந்தர் தம் குற்றத்தை எவ்வாறு பேசாதிருக்கக் கற்கின்றனர் என்பது பற்றிய நூல். ஒரே நூலில் இவ்விரு நூல்களும் கிடத்தலை எழுத்தின் தடிப்பு ஒன்றே காட்டுகிறது.

குறைகளும் உள. அடைப்புக்குள் வருவன எல்லாம் ஒரே தரத்தன அல்ல. நிகழ்ச்சியைச் சிறுவன் கண்ணாற் காட்டும்பொழுது குஸ்னெத்சோவின் நடை சிறந்து நிற்கிறது. பசி, உருளைக்கிழங்கு, பூனை, பாட்டியின் கனிவு, தாத்தாவின் முணுமுணுப்பு என்பன அவ்வாறு வந்தவை. ஆசிரியர் தம் குரலில் வாசகரை விளித்து அறிவுரை கூறப் புகும் இடங்களில் அந்நடை தளர்கிறது. மற்றொன்று: வெளிநாட்டுப் பயணத்திற்கு இசைவு பெறும்பொருட்டு உளவுத்துறையினர்க்குத் தகவல் அளிக்க ஒப்பியதாக அவரே 1969-இல் வெளியிட்டார். இதனை மறைத்து அவரைப் புகழ்தல் அவர் நூலின் நெறிக்கே முரணாகும். சான்றாளன் குற்றமற்றவனாயிருந்தால்தான் சான்று கொள்ளத்தக்கது எனின் இந்நூற்றாண்டுச் சான்றுகளுள் எஞ்சுவன மிகச் சில. அவர் சொன்ன நிகழ்ச்சிகள் பிற ஆவணங்களோடு ஒத்திருத்தலே நாம் கொள்ளும் அளவுகோல்.

சான்றும் வேறுபாடும்

மேற்கூறிய தப்பிய பெண், தீனா புரோனிச்சேவா என்பார். கீவ் பொம்மலாட்ட அரங்கின் நடிகை. சுடப்படுமுன் பள்ளத்திற் குதித்து, பிணங்களுக்கிடையே பிணம்போற் கிடந்து, இரவில் மேலேறித் தப்பினார். 1946 சனவரியில் கீவில் நடந்த வழக்கில் சான்று பகர்ந்தார். குஸ்னெத்சோவுக்கும் தம் வரலாற்றைக் கூறினார். பல்லாண்டுக் காலத்தில், பல அதிகாரிகள் முன்னும் எழுத்தாளர் முன்னும் அவர் கூறியனவாகப் பத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. காரல் பெர்க்கோஃப் என்னும் வரலாற்றறிஞர் அவற்றை ஒப்பிட்டு 2008-இல் ஆராய்ந்துள்ளார். சிறு செய்திகளில் அவை வேறுபடுகின்றன. கூற்றின் உடல் மாறவில்லை.

இத்தகைய வேறுபாடுகளே மறுப்பாளர்க்கு முதற்பொருள். ஒரு பதிவில் உள்ளது மற்றொன்றில் இல்லை. ஆகவே யாவும் கட்டுக்கதை என்பர். கொலையுண்டோர் தொகையிலும் இவ்வாறே வாதிடுவர். ஜெர்மானிய அறிக்கை 33,771 என்கிறது. சோவியத் ஆவணம் ஒரு நூறாயிரம் அளவிற் கூறுகிறது. எனவே இரண்டும் பொய் என்பர். முன்னது இரண்டு நாளில் கொல்லப்பட்ட யூதரின் தொகை. பின்னது ஈராண்டில் அங்கே கொல்லப்பட்ட அனைவரையும் பற்றிய மதிப்பு. இரண்டு வினாக்களுக்கு இரண்டு விடை இருத்தலை முரண் என்பார் வினாவைப் படிக்கவில்லை. பாடவேறுபாடு மலிந்திருத்தலைக் காட்டி ஒரு பழநூல் இயற்றப்படவேயில்லை என ஒருவர் நம்மிடம் வாதிட்டால் அவர்க்கு என்ன விடையிறுப்போம்? பலர் பலகால் வழங்கிய பாடம் வேறுபடாதிருப்பின் அன்றோ ஐயுறல் வேண்டும்! பத்துப் பதிவும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருப்பின், ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதினர் என நாமே கூறுவோம்.

புரோனிச்சேவாவின் சான்று பின்னர்ப் புனைகதையுள்ளும் புகுந்தது. டி. எம். தாமஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1981-இல் வெளியிட்ட ‘வெள்ளை விடுதி’ நாவலின் பிற்பகுதியில் தலைவி பாபி யாரில் இறக்கிறாள். அப்பகுதி குஸ்னெத்சோவின் நூலிற் கண்ட சான்றைப் பெரிதும் தழுவி அமைந்தது. ஆசிரியர் தாம் பெற்ற கடனை நூலின் முகப்பில் குறித்திருந்தார். எனினும் 1982-இல் இங்கிலாந்தில் பெரும் சொற்போர் எழுந்தது. அவ்விடத்தில் தாம் கற்பனை செய்யத் துணியவில்லை என்பது அவர் தரப்பு விளக்கத்தின் சாரம். அவ்விளக்கத்தை ஒருபாதி ஏற்கலாம். பள்ளத்தின் விளிம்பில் புனைவு நின்றுவிட்டதென அவர் உணர்ந்தது நேரிது. ஆனால் சான்றை எடுத்தவர், பிழைத்தவரின் சொற்களைப் பிழையாத ஒரு கற்பனைப் பெண்ணுக்கு உரியவாக்கினார். சான்றின் உயிர் அது இன்னார் வாய்மொழி என்பதில் உள்ளது. பெயரை மாற்றிய அளவில் அது சான்றாதல் ஒழிந்து வருணனையாயிற்று. கருத்து நல்லதாயினும் இதனை ஏற்புடைத்தென யாம் கொள்ளவில்லை.

ஒரு சொல்லின் பிழைபாடம்

வெளிப்படையாக மறுப்போரைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். அவர் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று; அவை அத்துணை மதிப்பிற்கும் உரியனவல்ல. பாட ஆராய்ச்சியால் ஒரு மறுப்பு வெளிப்பட்ட வழக்கு ஒன்றைமட்டும் காட்டுவாம். டெபரா லிப்ஸ்டாட் என்னும் பேராசிரியை 1993-இல் வெளியிட்ட நூலில் டேவிட் இர்விங் என்பாரை இனப்படுகொலை மறுப்பாளர் என்று குறித்தார். இர்விங் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2000 ஏப்பிரல் 11-இல் நீதிபதி சார்லஸ் கிரே அளித்த தீர்ப்பு இர்விங்கின் தோல்வியாய் முடிந்தது.

இவ்வழக்கில் ரிச்சர்ட் எவன்ஸ் என்னும் வரலாற்றறிஞர் செய்த பணி, இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒத்துப்பார்த்தல். நாம் சுவடிகளோடு செய்வது போன்ற வேலை. 1941 நவம்பர் 30-இல் ஹிம்லர் தம் தொலைபேசிக் குறிப்பில், பெர்லினிலிருந்து செல்லும் யூதர் வண்டி ஒன்றைக் குறித்து, அழிப்பு வேண்டா என எழுதியிருந்தார். ஒரு வண்டி பற்றிய குறிப்பை யூதர் அனைவரையும் பற்றிய ஆணையாக இர்விங் தம் நூலில் விரித்தார். அந்த ஒரு வண்டியில் வந்தவரும் குறிப்பு எழுதப்படுமுன்னரே அன்று காலை ரீகா நகரத்துக்கு அருகில் சுடப்பட்டிருந்தனர். மறுநாட் குறிப்பில் எசு. எசு. நிருவாகத் தலைவர்கள் இருக்கவேண்டும் என்னும் பொருளில் ‘ஹாபென்’ என்று எழுதப்பட்டிருந்த சொல்லை ‘யூடென்’, அஃதாவது யூதர், எனப் படித்து, யூதர் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என ஆணையிட்டதாகப் பொருள் கொண்டார். ஜெர்மானியக் கையெழுத்தில் இவ்விரு சொற்களும் மயங்கத் தகும் என ஒருவர் வாதிடலாம். கைப்பிழை எனின் அது எப்பக்கமும் சாயும். இர்விங்கின் பிழைகள் யாவும் ஒரே பக்கம், ஹிட்லரைக் குற்றத்தினின்று விலக்கும் பக்கமே, சாய்ந்தன என்பதனை எவன்ஸ் காட்டினார். பிழையின் திசையை நோக்கி அதன் காரணத்தை அறிதல் என்னும் இம்முறை நம் மாணவர்க்குப் புதிதன்று.

ஆணையத்து அறிக்கையில் ‘யூதர்’ என்னும் சொல் இருந்த இடத்தினின்று நீங்கியது. இர்விங்கின் நூலில் அச்சொல் இல்லாத இடத்தில் ஏறியது. முன்னதைச் செய்தவர் ஹிட்லரை வென்றவர். பின்னதைச் செய்தவர் ஹிட்லரைக் காத்தவர். இருவரையும் ஒருநிகராக வைத்தல் தகாது. முன்னவர் கொலை நிகழ்ந்ததனை மறுக்கவில்லை. ஆயினும் கொலையுண்டோர் பெயரின்றிப் போன இடம் பின்னவர்க்கு வசதியாயிற்று என்பதும் மெய்.

இலக்கியத்தில் பொதுமையே உயர்வு என்னும் கொள்கை நம் திறனாய்வாளரிடையே வேரூன்றியது. ஒரு துன்பத்தைப் பாடினும் அது மாந்தர் அனைவர் துன்பமாகப் புலப்படல் வேண்டும் என்போம். யானும் வகுப்பில் பல்லாண்டு இவ்வாறே கற்பித்து வந்துள்ளேன். பாபி யார் பற்றிய பாடங்களை ஒப்பிட்டபின் அக்கொள்கையை அவ்வளவு எளிதாகச் சொல்ல நா எழவில்லை. கற்பவர் தம் உள்ளத்தில் தாமே சென்றடையும் பொதுமை வேறு. ஆட்சியோ ஆசிரியரோ பெயரை அழித்து முன்னதாகவே ஏற்றிவைக்கும் பொதுமை வேறு.

1976-இல் சோவியத் அரசு பாபி யாரில் பெரியதொரு வெண்கலச் சின்னம் நிறுவிற்று. கீவ் நகர மக்களும் போர்க்கைதிகளும் கொல்லப்பட்டனர் என அதில் எழுதப்பட்டது. யூதர் என்னும் சொல் இல்லை. 1991 செப்டம்பரில், கொலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், யூதரின் ஏழு கிளை விளக்கு வடிவில் சின்னம் ஒன்று எழுந்தது. அதன்பின் குழந்தைகளுக்கு, ரோமா மக்களுக்கு எனத் தனித்தனிச் சின்னங்களும் வந்தன. 2022 மார்ச்சு 1-இல் உருசியப் படையின் ஏவுகணை அருகிலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கியபொழுது அவ்விடத்திலேயே மீண்டும் சிலர் உயிரிழந்தனர்.

குஸ்னெத்சோவ் 1979-இல் இலண்டனில் தம் 49-ஆம் வயதில் இறந்தார். கீவில் அவர் வளர்ந்த குரெனிவ்காவில் 2009-இல் அவர் நினைவாக ஒரு வெண்கலச் சிலை வைத்தனர். முதுகு காட்டி நிற்கும் சிறுவன் ஒருவன் சுவரில் ஒட்டிய 1941-ஆம் ஆண்டு அறிவிப்பைப் படிப்பதாக அது அமைக்கப்பட்டுள்ளது. கொலையுண்டோரை அவர் பெயராலே, யூதர் எனக் குறித்து அந்நகரின் தெருச்சுவர்களில் ஒட்டப்பட்ட எழுத்து அவ்வறிவிப்பே. 1976-ஆம் ஆண்டுச் சின்னத்தில் அச்சொல் இல்லை.